ஆந்தைக்குப் பெயர் கேட்டவர்

"என்னப்பா இது, 'நீ யாரென்று தெரியவில்லை'ன்னு வருது?" என்றார் மேனேஜர், திரையை எட்டிப் பார்த்து.

"என்னை இல்லை சார். அந்த மெஷினைச் சொல்லுது," என்றார் பில்ட்காரர்.

பில்ட்காரர் என்பது அலுவலகத்தில் அவருக்கு விழுந்த பெயர். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவர்கள் கொட்டுவதையெல்லாம் அள்ளிச் சேர்த்து, வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்படி ஒரு முழு சாஃப்ட்வேராக ஆக்குவது அவர் வேலை. அதற்குப் பெயர் பில்ட். கல்யாணத்துக்கு முன்பு இதை அவர் பொறுமையாக விளக்கி முடித்ததும், வருங்கால மாமனார் சற்று யோசித்துவிட்டு, "இப்ப சிமெண்ட் மூட்டை என்ன விலை மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

பில்டை நடத்துவது ஒரு ஸ்கிரிப்ட். இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு, அவ்வளவுதான். அது கீழ்த்தளத்து மெஷின் அறையில் இருக்கும் நாலு மெஷின்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவேண்டும். நாலும் நாலு கம்பெனி, நாலு வயது, நாலு குணம். கழுகு, கொக்கு, குயில், ஆந்தை என்று அவற்றுக்குப் பெயர். ஸ்கிரிப்ட் எந்த மெஷினுக்குள் போனாலும் முதல் வேலையாக, "உன் ஹோஸ்ட்நேம் என்ன?" என்று கேட்கும். வந்த பெயர், தன்னிடம் எழுதி வைத்த பெயரோடு பொருந்தினால் வேலையைத் தொடங்கும். பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே கடையைக் கட்டிவிடும். எந்தப் பெயரை எதிர்பார்த்தேன், எந்தப் பெயர் வந்தது என்று பில்ட்காரருக்கும் மெஷின் அறைக்கும் ஒரு அறிக்கை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும்.

நாலில் ஆந்தைதான் கிழம். அந்த ரக மெஷினை விடமாட்டேன் என்று ஒரே ஒரு வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தார். அவருக்குத்தான் இன்று மாலைக்குள் சரக்கு போயாக வேண்டும். ஆந்தையின் டிஸ்க் நேற்றுப் படுத்துவிட்டதால், வேறு டிஸ்க் மாட்டி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருந்தார்கள். அதிலிருந்து வழக்கமான முறையில் பெயர் கேட்டால் அது வாயே திறக்கவில்லை.

"கீழ ஒரு போன் போட்டு என்ன ஏதுன்னு கேட்டா முடிஞ்சுது," என்றார் மேனேஜர்.

"அதெல்லாம் வேணாம் சார். உலகத்துல எந்த மெஷின்ல கொண்டுபோய்ப் போட்டாலும் ஸ்கிரிப்ட் தானே பேரைக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதிடறேன். யாரையும் போய்க் கேக்கற நிலைமையே வரக்கூடாது."

மேனேஜர் இதைத் தொழில்பக்தி என்று எடுத்துக்கொண்டு, மெச்சிக்கொண்டே போனார். விஷயம் அதுவல்ல. மெஷின் அறையின் பொறுப்பாளர் பில்ட்காரரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

காரணம், ஒரு சோபா. மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் பில்ட்காரர் வாங்கிவந்த அந்த சோபா, வீட்டு வாசல் வழியாக உள்ளே போகமாட்டேன் என்றுவிட்டது. நிமிர்த்திப் பார்த்தார்கள், படுக்கப்போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அது மாடிப்படித் திருப்பத்திலேயே குடியேறியது. மேல் வீட்டுக்காரர் படியேறும்போது அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, "நல்லா மெத்துனு இருக்குங்க" என்று நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாசலை அளந்து சொல்லியிருப்பேன்ல?" என்றாள் மனைவி.

"வாசல்தான் சின்னது. சோபாமேல என்ன தப்பு?"

"உங்களுக்கு யாருக்கும் விட்டுக்கொடுக்கவே தெரியாதுங்க."

"நீ மட்டும் ரொம்ப விட்டுக்கொடுத்துட்டே!"

அதோடு சரி. அதன்பிறகு வீட்டில் எல்லாம் ஜாடைப் பேச்சுதான். அவள் டிவியைப் பார்த்து, "சாப்பாடு ஆறிட்டிருக்கு" என்பாள். அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "பசியில்லை" என்பார்.

இன்று காலை அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பியபோது, டிவியிடம் ஒரு செய்தி சொன்னாள். சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸில் அப்படியே அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். எத்தனை நாளைக்கு என்று டிவி கேட்கவில்லை. பில்ட்காரரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றியது. பில்டைச் சீக்கிரம் முடித்துவிட்டால், ஆந்தை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற சாக்கில் கீழே போய் அவள் முன்னால் நிற்கலாம். நின்றால் வாய் தானாக ஏதாவது சொல்லிவிடும். சோபாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

ஆகவே வேகமாக ஆரம்பித்தார். பெயரைக் கேட்க இன்னொரு கட்டளையை ஸ்கிரிப்டில் சேர்த்து ஓடவிட்டார். மற்ற மூன்று பறவைகளும் முடித்த பிறகுதான் ஆந்தையின் முறை வரும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்.

எதிர்பார்த்தது: ஆந்தை. வந்தது: சர்வர் ஒன்று.

"ஓஹோ, கம்பெனிக்காரன் வச்ச பேரோடயே விட்டுட்டாங்களா," என்று முணுமுணுத்தார். புதிதாக ஏற்றியவள் பழைய பெயரை வைக்க மறந்திருக்கிறாள். சொல்லிக்காட்ட அருமையான சந்தர்ப்பம். ஆனால் பேச்சுதான் இல்லையே. போகிறது என்று ஸ்கிரிப்டில் 'ஆந்தை'யை அழித்துவிட்டு 'சர்வர் ஒன்று' என்று மாற்றி மறுபடி ஓடவிட்டார்.

எதிர்பார்த்தது: சர்வர் ஒன்று. வந்தது: ஆந்தை.

பில்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஆந்தைதான். சரி, முதல் தடவை ஏதோ உளறியிருக்கிறது என்று நினைத்து, பெயரை 'ஆந்தை' என்றே திருத்தினார். ஓடவிட்டார்.

எதிர்பார்த்தது: ஆந்தை. வந்தது: சர்வர் ஒன்று.

போனை எடுத்து மெஷின் அறைக்குச் சுழற்றினார். ஆபரேட்டர் எடுத்தார். மெஷின்கள் வந்த நாளிலிருந்து அவற்றோடு குளிரில் உட்கார்ந்திருக்கிற, ஸ்வெட்டர் போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர்.

"ஆந்தை ஒழுங்கா ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது சார். மேடம் அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. குடுக்கவா?"

"வேணாம் வேணாம்! நான் கேட்டேன்னுகூடச் சொல்லாதீங்க."

"ஸ்பீக்கர்ல இருக்கீங்க சார்."

பில்ட்காரர் போனை வைத்துவிட்டார். காது சுட்டது.

ஒரு மெஷின் தன் பெயரை மாற்றிக்கொள்ளாது. அது அவருக்குத் தெரியும். ஆகவே கேட்கிற விதத்தில்தான் கோளாறு. ஒருவரிடம் விசாரித்தால்தானே ஏமாற்றம்? நாலு இடத்தில் விசாரிப்போம் என்று முடிவுசெய்தார். ஒரு கட்டளை, இன்னொரு கட்டளை, லாகின் ஆகும்போது மெஷின் குறித்துக்கொள்கிற பெயர், உள்ளே ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிற பெயர். நாலையும் கேட்டுவிட்டு, எந்தப் பெயருக்கு அதிக ஓட்டோ அதை எடுத்துக்கொள்ளும்படி எழுதினார். அந்தக் கோப்பை எல்லோரும் திறந்து பார்க்க முடியாது. அதனால் மெஷினின் சகல அதிகாரங்களையும் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தார்.

முடிவு வந்தது. ஆந்தைக்கு இரண்டு ஓட்டு. சர்வர் ஒன்றுக்கு இரண்டு ஓட்டு. ஒரே மெஷினுக்குள் இரண்டு கட்சி: கட்டளைகள் ஆந்தை பக்கம், முன்பே குறித்து வைத்தவை சர்வர் ஒன்று பக்கம்.

"என்னப்பா ஆச்சு?" என்று மேனேஜர் மறுபடி வந்தார்.

"எண்ணிக்கை சமமா இருக்கு சார்."

"என்ன எண்ணிக்கை?"

"மெஷினோட பேரு என்னங்கற விஷயத்துல மெஷினுக்கே ஒரு கருத்து வேறுபாடு இருக்கு சார்."

மேனேஜர், "மதியம் சாப்பிட்டியா?" என்று பரிவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

சாப்பிடவில்லை. தோற்கிற ஒவ்வொரு தடவையும் அறிக்கையின் ஒரு பிரதி கீழேயும் போகிறது, அதை அவள் படிக்கிறாள் என்ற நினைப்பில் சோறு எங்கே இறங்கும்? பில்ட்காரர் இணையத்தில் தேடினார். யாரோ ஒரு புண்ணியவான், 'பெயர் கேட்கும் கட்டளைக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் எஸ் என்ற எழுத்தும் சேர்த்துப் போடுங்கள், பெயர் சுருக்கமாக, சுத்தமாக வரும்' என்று எழுதியிருந்தார். நூறு பேர் அதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதை ஐந்தாவது ஓட்டாகச் சேர்த்தார்.

நன்றி சொன்ன நூறு பேரிடமும் ஆந்தை ரக மெஷின் இல்லை. மற்ற மெஷின்களில் அந்தக் கட்டளை பெயரைக் கேட்கும். ஆந்தை ரகத்தில் அந்தக் கட்டளைக்குப் பின்னால் என்ன எழுதினாலும், இனிமேல் அதுதான் உன் பெயர் என்று அர்த்தம். அதிகாரம் இல்லாதவர் எழுதியிருந்தால் போய்யா என்றிருக்கும். ஸ்கிரிப்டுக்குத்தான் சகல அதிகாரமும் கொடுத்தாயிற்றே. பெயரைச் சுருக்கமாகச் சொல் என்று கேட்டதை அது பெயர்சூட்டலாக ஏற்றுக்கொண்டது. அந்த நிமிஷத்திலிருந்து அந்த மெஷினின் பெயர் கோடு எஸ்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இவர்கள் இருக்கும் மூன்றாவது மாடியின் பிரிண்டரைக் கவனித்துக்கொள்வதும் ஆந்தைதான். கோடு போட்டு ஆரம்பிக்கிற பெயரைப் பிரிண்டர் ஒரு பெயராகவே மதிக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டது. சற்று நேரத்தில் பிரிண்டரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது.

"யாருப்பா அந்தக் கோடு எஸ்ஸு?" என்றார் மேனேஜர். "என் காகிதத்தையெல்லாம் அவன் பிடிச்சு வச்சிருக்கானாமே?"

"கொஞ்சம் பொறுங்க சார். சரி பண்ணிடறேன்."

"பேரு கேக்கறேன்னுதானே காலையில சொன்னே? கேட்டா பேரு எப்படிப்பா மாறும்?"

"கேட்ட விதம் அப்படி சார்," என்றார் பில்ட்காரர் பரிதாபமாக.

வேறு வழியில்லாமல் மெஷின் அறைக்குப் போன் செய்தார். "ஸ்பீக்கரை அணைங்க. ஆந்தையோட பேரு போயிடுச்சு. கொஞ்சம்..."

"மேடம் அப்பவே பாத்து சரி பண்ணிட்டாங்க சார். பிரிண்டர் இந்நேரம் ஓடணுமே?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூட்டம் கலைந்தது. பில்ட்காரருக்கு நன்றியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சரி செய்தவள் ஒரு போன் போட்டு, என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று திட்டியிருக்கலாம். திட்டினால் அதுவும் ஒரு பேச்சுதானே. அதற்குக்கூட மனசு வரவில்லையே இவளுக்கு.

நாற்காலிக்குத் திரும்பி, ஓட்டெடுப்பையெல்லாம் கிழித்தெறிந்து, பழையபடி ஒரே ஒரு கட்டளையில் கொண்டுவந்து நிறுத்தினார். இப்போது அது என்ன பெயர்தான் சொல்கிறது என்று தெரிந்தால் போதும். எதையாவது எழுதி ஓடவிட்டால் அறிக்கையில் உண்மை வந்துவிடும். இருந்த கோபத்தில் விரல் தானாக அடித்தது, 'கழுதை' என்று.

எதிர்பார்த்தது: கழுதை. வந்தது: ஆந்தை.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னார். ஆந்தை ஆந்தையாகிவிட்டது. இனி என்ன, கழுதையை அழித்து ஆந்தை என்று எழுதினால் முடிந்தது கதை. எழுதினார். ஓடவிட்டார். கழிவறைக்குப் போய் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று, "தப்பு என்மேலதான்" என்று சொல்லிப் பார்த்தார். குரல் கரகரத்தது. இன்னொரு தடவை சொன்னதில் சுமாராக வந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வந்து திரையைப் பார்த்தார்.

எதிர்பார்த்தது: ஆந்தை. வந்தது: கழுதை.

பில்ட்காரர் வாரிய தலையைக் கலைத்துக்கொண்டார்.

எந்த மெஷினும் தானாக யோசித்துத் தனக்குக் கழுதை என்று பெயர் வைத்துக்கொள்ளாது. இதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை எதுவென்று நினைத்த மாத்திரத்தில் காலையிலிருந்து நடந்ததெல்லாம் அவருக்கு வரிசையாகப் புரிந்தது. ஆந்தை என்றால் சர்வர் ஒன்று. சர்வர் ஒன்று என்றால் ஆந்தை. மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்களாம்! ஏன் உட்காரமாட்டாள்? அவர் ஒன்று எழுத எழுத, வேண்டுமென்றே வேறொன்றை மாற்றி வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். கடைசியில், அவர் மெஷினைத் திட்டி எழுதிய சொல்லையே எடுத்து அவர் முகத்தில் வீசியிருக்கிறாள். கழுதை என்று சொன்னது மெஷினை அல்ல, அவரை. அதுவும் ஊருக்குக் கிளம்புகிற நாளில்!

அவருக்குக் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. நம்மை இவ்வளவா வெறுத்துவிட்டாள்! உட்கார்ந்து, ஆந்தையிடம் பெயர் கேட்கும் வரிகளை மொத்தமாக வெட்டி எறிந்தார். நீ யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போ, வேலையை மட்டும் செய் என்று ஆக்கினார். அதற்கு மேலே, பிற்காலத்தில் படிக்கிறவர்களுக்காகக் கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார்.

'இந்த மெஷினிடம் யாரும் எதுவும் கேட்கவேண்டாம். வேண்டுமென்றே மாற்றிச் சொல்லும். யாருக்கும் விட்டுக்கொடுக்காத பிறவி. இது இல்லாமலே காலம் தள்ளப் பழகிக்கொள்வது நல்லது.'

படித்துப் பார்த்தார். மெஷினைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று யாரிடமும் சத்தியம் செய்யலாம். ஓடவிட்டார். பில்ட் ஒரு தடங்கலும் இல்லாமல் முழுதாக ஓடி முடிந்தது.

"சபாஷ்!" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். "இப்ப எந்த மெஷினா இருந்தாலும் பேரைக் கண்டுபிடிச்சிடுமா?"

"பேரே தேவையில்லை சார்."

"அட, அது இன்னும் நல்லதாச்சே!" என்று வாடிக்கையாளருக்குப் போன் செய்ய ஓடினார் மேனேஜர்.

பில்ட்காரர் அந்தக் குறிப்பு தெரியும்படியே திரையை விட்டுவிட்டு எழுந்தார். பஸ் ஏறுவதற்கு முன் அவளிடம் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் அல்ல, வேறு வார்த்தைகள். லிஃப்ட் கீழேயிருந்து மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் படிகளில் இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் கேட்கவேண்டிய கேள்விக்கு இன்னும் காரம் ஏறியது.

மெஷின் அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். குளிர் முகத்தில் அடித்தது. ஆந்தைக்குப் பக்கத்து நாற்காலி காலி. நாற்காலிக்கு அடியில் அவளுடைய பை மட்டும் அப்படியே இருந்தது. ஆபரேட்டர் ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க உங்க மேடம்?"

"இப்பத்தான் சார் லிஃப்டுல மேல போனாங்க. உங்களைப் பாக்கத்தான். பஸ்ஸு வேணாம், ஊருக்குப் போகலைன்னு அக்காவுக்குப் போன்கூடப் பண்ணிட்டாங்க."

"என்னைப் பாக்கவா? எதுக்கு? காலையில இருந்து நான் ஒண்ணு எழுதினா இவ ஒண்ணு மாத்தி வச்சு, கழுதைன்னு வரைக்கும் கூப்பிட்டாச்சு. போதாம நேர்ல வேற வந்து சண்டை போடணுமாமா?"

"ஐயோ, சண்டையா? நீங்க வேற சார்! 'நாமளும் ஒருதடவை விட்டுக்கொடுத்துத்தான் பாப்போமே'ன்னு, ஒவ்வொரு அறிக்கையிலயும் நீங்க எதிர்பார்த்த பேரு எதுவோ அதையே பாத்துப் பாத்து மெஷினுக்கு வச்சிட்டே இருந்தாங்க, அந்தக் கழுதை உட்பட!"